மானிய மேலாண்மைச் சான்றிதழ்: எதைப் பெறுவது, பெற்றதை எப்படிக் காப்பது?

பவானிக்கூடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் இயங்கும் ஓர் அறக்கட்டளையில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலைக் கிராமங்களில் மாலைநேரப் பள்ளிகளும், அடிவாரத்தில் பெண்களுக்கான தையல் பயிற்சி மையமும் நடத்துகிறோம். பி.காம். முடித்துக் கணக்காளராகச் சேர்ந்தேன். இன்றும் என் பதவியின் பெயர் கணக்காளர் என்றே இருக்கிறது. ஆனால் நான் செய்கிற வேலை அந்தப் பெயருக்குள் அடங்காது. ஒரு வெளிநாட்டு நிதியாளர், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி, மாநில அரசுத் துறை ஒன்றின் மானியம், அமெரிக்காவில் வாழும் நம் வட்டாரத்தார் சேர்ந்து அனுப்பும் தொகை என்று நான்கு வழிகளில் பணம் வருகிறது. விண்ணப்பம் எழுதுவது, பட்ஜெட் போடுவது, ஒப்பந்த நிபந்தனைகளைக் களப்பணியாளர்களுக்குப் புரியவைப்பது, காலாண்டு அறிக்கை அனுப்புவது, தணிக்கைக்குக் கோப்பு எடுத்துக் கொடுப்பது, மீதித் தொகையைத் திருப்புவது ஆகிய எல்லாம் என் மேசையில்தான் நடக்கின்றன.

சென்ற மாதம் புதிய நிதியாளர் ஒருவரின் படிவத்தில், மானியங்களைக் கையாளும் பணியாளரின் தொழில்முறைத் தகுதி என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. பி.காம். என்று நிரப்பினேன். படிவத்தை அனுப்பிய பிறகும் அந்தக் கட்டத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 11 ஆண்டுகளின் வேலைக்கு அங்கே எழுத ஒரு சொல் இல்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மானிய மேலாண்மைக்கென்று இருக்கும் சான்றிதழ்களில் எது எனக்குப் பொருந்தும்? கணக்காளர் என்ற பெயரில் செய்த வேலை அனுபவமாக ஏற்கப்படுமா? ஒருமுறை பெற்றால் வாழ்நாள் முழுவதும் இருக்குமா, அல்லது காலாவதியாகுமா? டாலரில் கட்டணம் கட்ட வேண்டுமென்றால் எங்கள் செயலாளரிடம் காரணம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே விவரமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சிங்காநல்லூர் ஆடிட்டர் எழுதியது:

வணக்கமுங்க. பட்டயக் கணக்காளராக 26 ஆண்டுகள் அறக்கட்டளைகளின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் ஆர்வத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். வருமான வரிக்கான தணிக்கை அறிக்கையிலும் சரி, வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.-4 ஆண்டறிக்கையோடு செல்லும் கணக்குகளிலும் சரி, சட்டம் கேட்பது பட்டயக் கணக்காளரின் கையொப்பத்தை மட்டுமே. மானிய அலுவலரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இந்தியாவில் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கணக்கு மென்பொருளும், மலைக்கு ஒரு வவுச்சர் எழுதத் தெரிந்த ஆளும் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம்.

வாலாங்குளம் எழுதியது:

சகோதரிக்கும் ஆடிட்டர் ஐயாவுக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் ஒரு மாவட்ட நிர்வாகத்தின் சுகாதார மானியப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை செய்து, அங்கேயே சி.ஜி.எம்.எஸ். என்னும் சான்றிதழைப் பெற்றுக் கோவைக்குத் திரும்பியவன். ஐயா சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி. ஆனால் ஆடிட்டர் வருவது ஆண்டு முடிந்த பிறகு. ஒரு செலவை இந்த மானியத்தில் எழுதலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை, பணம் கொடுப்பதற்கு முந்தின நாளே தேவைப்படுகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் மானிய அலுவலர். அவருக்கு விதி தெரியவில்லை என்றால், தணிக்கை நடந்த தவற்றைக் கண்டுபிடிக்குமே ஒழிய, செலவான பணத்தை மீட்டுத் தராது.

சான்றிதழ்களைப் பற்றிச் சொல்கிறேன். சி.ஜி.எம்.எஸ். என்பதை வழங்குவது அமெரிக்காவின் தேசிய மானிய மேலாண்மைச் சங்கம். அறிவிப்பு வெளியாவதில் தொடங்கி, மானியம் வழங்கப்பட்டு, செலவாகி, திட்டம் முடித்து வைக்கப்படுவது வரையிலான முழு ஓட்டத்தையும் அது சோதிக்கிறது. ஜி.பி.சி. என்பது வேறு, அதை மானியத் தொழில்முறையாளர் சான்றிதழ் நிறுவனம் வழங்குகிறது. விண்ணப்பம் எழுதுவோரை மையமாகக் கொண்டது என்பதால் அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியோடு, உட்கார்ந்து எழுதிக் காட்ட வேண்டிய பகுதியும் உண்டு. 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக ஆராய்ச்சி நிதியைக் கையாள்பவர்களுக்கு சி.ஆர்.ஏ. இருக்கிறது. வளரும் நாடுகளின் தொண்டு நிறுவனங்களை மனத்தில் வைத்து உருவானவை பி.எம்.டி. ப்ரோ, எஃப்.எம்.டி. ப்ரோ என்ற இரண்டும். முன்னது திட்ட மேலாண்மைக்கு, பின்னது நிதி மேலாண்மைக்கு. இந்தியாவுக்குள் மானியத்தை நெருங்கி வருபவை இரண்டு: இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனம் நடத்தும் சி.எஸ்.ஆர். சான்றிதழ்ப் படிப்பும், தொண்டு அமைப்புகள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தைக்காக என்.ஐ.எஸ்.எம். என்னும் தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் நடத்தும் சமூகத் தணிக்கைத் தேர்வும். என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ்கள் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

சி.ஜி.எம்.எஸ். தேர்வுக்கு நான் 7 மாதங்கள் படித்தேன். அதன் அடித்தளம் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் '2 சி.எஃப்.ஆர். 200' என்னும் பொது விதித்தொகுப்பு. 2013 டிசம்பரில் வெளியாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த அந்தத் தொகுப்பில் நான் திரும்பத் திரும்பப் படித்தது செலவுக் கோட்பாடுகளைத்தான். ஒரு செலவு நியாயமானதா, இந்த மானியத்திற்கு உரிய பங்கு மட்டும் இதில் எழுதப்பட்டிருக்கிறதா, இதே வகைச் செலவை மற்ற இடங்களிலும் இதே முறையில்தான் எழுதுகிறோமா, சான்று கையில் இருக்கிறதா என்று அது கேட்கிறது. சகோதரியின் ஜீப் பர்கூருக்கு ஏறும் வழியில் தையல் மையத்தில் துணிக்கட்டுகளை இறக்கிவிட்டு, பிறகு பள்ளிப் புத்தகங்களை மேலே கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் பில் ஒன்றுதான். எந்த மானியத்தில் மீதி இருக்கிறதோ அதில் முழுவதையும் எழுதிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அதுதான் தவறு. மஞ்சள் மண்டியில் விரலியையும் கிழங்கையும் ஒரே குவியலில் கொட்டி விலை கேட்க முடியாது அல்லவா? இங்கும் பயணக் குறிப்பேட்டை வைத்து, தொலைவாலோ எடையாலோ ஏதாவது ஓர் அளவுகோலால் பிரித்து, அந்த அளவுகோலை ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். சம்பளத்திற்கும் இதுவே. ஒரு பணியாளர் இரண்டு திட்டங்களில் வேலை செய்தால், அவர் உண்மையில் எந்த வேலையில் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பதைக் காட்டும் பதிவு வேண்டும். பட்ஜெட்டில் பாதிப்பாதி என்று போட்டிருப்பதை மட்டும் காட்டினால் போதாது.

இதை நான் தேர்வுக்காகத்தான் முதலில் படித்தேன். ஆனால் கோவைக்கு வந்த பிறகு, அமெரிக்கப் பணம் ஒரு ரூபாய்கூட வராத ஓர் அறக்கட்டளையிலும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெருந்துறை சாலை எழுதியது:

நான் மேசைக்கு மறுபக்கம் இருப்பவன். ஒரு நூற்பாலைக் குழுமத்தின் சி.எஸ்.ஆர். பிரிவில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறேன். சான்றிதழ் இருக்கிறதா என்று எங்கள் படிவமும் கேட்கிறது. ஆனால் அதற்காக மதிப்பெண் கூடுவதில்லை. கேள்வி கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் பரவலாகத் தெரியும். ஆனால் அந்த 5 சதவீதம் யாருக்கு என்பதை விதியைத் திறந்து படித்தவர்கள் குறைவு. நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணியை நடத்தத் தனக்குள் செய்யும் பொது நிர்வாகச் செலவைப் பற்றியது அது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட ஆகும் நேரடிச் செலவு அதில் சேராது என்று விதியின் விளக்கமே சொல்கிறது. நம் வட்டாரத்தில் எத்தனையோ சிறு அறக்கட்டளைகள், கண்காணிப்பாளர் சம்பளத்தைக்கூட அந்த 5 சதவீதத்துக்குள் அடக்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் அந்தப் பணியாளரையே விட்டுவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்திலும் இதைத் தவறாகச் சொல்பவர்கள் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாள் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் விதியின் அந்தப் பத்தியை அச்செடுத்து என் மேசையில் வைத்து, மரியாதையாக விளக்கினார். அந்த ஆண்டு அவர்களுடைய பட்ஜெட்டை நாங்கள் மாற்றாமல் ஏற்றுக்கொண்டோம்.

பவானிக்கூடல் எழுதியது:

மிக்க நன்றி. 5 சதவீதத்தைப் பற்றிய விளக்கம் எனக்கு உடனே உதவுகிறது. எங்கள் மையப் பொறுப்பாளரின் சம்பளம் அந்தக் கணக்கில்தான் இரண்டு ஆண்டுகளாகச் சிக்கிக் கிடக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு குழப்பம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதம், சி.எஸ்.ஆரில் 5 சதவீதம், அமெரிக்க விதியில் வேறொரு சதவீதம் என்று மூன்றும் மூன்று வகையாக இருக்கின்றன. ஒரு சான்றிதழுக்காக அமெரிக்க விதியை மனத்தில் ஏற்றிக்கொண்டு, அதை இங்கே தவறாகப் பொருத்திவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

வாலாங்குளம் எழுதியது:

நல்ல அச்சம் அது. மூன்றும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டாலும் மூன்று வேறு பொருள்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 50 சதவீதமாக இருந்த நிர்வாகச் செலவு வரம்பு, 2020 செப்டம்பர் 29 முதல் 20 சதவீதமாகக் குறைந்தது. எது நிர்வாகச் செலவு என்பதை அச்சட்டத்தின் விதிகள் விளக்குகின்றன. பள்ளி ஆசிரியரின் சம்பளமும் மருத்துவமனை மருத்துவரின் சம்பளமும் நோக்கத்திற்கான நேரடிச் செலவாக அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. ஆகவே உங்கள் மாலைப்பள்ளி ஆசிரியர்களை அந்த 20-க்குள் போட்டிருந்தால் முதலில் அதைத்தான் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். அமெரிக்க விதியில் வருவது மறைமுகச் செலவு, அதாவது எந்த ஒரு திட்டத்திலும் தனியாக எழுத முடியாத பொதுச் செலவு. கூட்டாட்சி அரசோடு தனியாகப் பேசி முடிவான விகிதம் இல்லாதவர்கள், திருத்தப்பட்ட நேரடிச் செலவுகளின் மொத்தத்தில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது; 2024 அக்டோபர் 1 முதல் அது 15 ஆனது. அந்த மொத்தத்தில் கருவிகள் வாங்கியது, வாடகை போன்றவை சேராது. அதே திருத்தத்தில், கூட்டாட்சி நிதியைச் செலவிடும் அமைப்புக்குத் 'தனித் தணிக்கை' என்னும் முழுத் தணிக்கை கட்டாயமாகும் செலவு வரம்பும் 7,50,000 டாலரிலிருந்து 10,00,000 டாலராக உயர்ந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த விதித்தொகுப்பில், பெற்ற மானியத்தைத் துணை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து அவர்களைக் கண்காணிப்பது பற்றிய பகுதி தேர்வுக்கு முக்கியமானது. ஆனால் இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை வேறோர் அமைப்புக்கு மாற்றுவதே 2020 திருத்தத்தோடு தடைசெய்யப்பட்டுவிட்டது. அப்பகுதியைப் படிக்கும்போது, கண்காணிப்பவராக அல்லாமல் கண்காணிக்கப்படுபவராக உங்களை வைத்துக்கொண்டு படியுங்கள். அமெரிக்க அமைப்பு உங்களிடம் ஏன் அந்தக் கேள்விகளைக் கேட்கிறது என்பது அப்போது விளங்கும்.

அனுபவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விண்ணப்பத்தில் அவர்கள் பார்ப்பது செய்த பணியை. உங்கள் செயலாளர் கையொப்பமிட்ட பணி விவரக் கடிதம் ஒன்றை ஆண்டுவாரியாக எழுதி வாங்குங்கள்: எந்த ஆண்டில் எத்தனை மானியங்கள், ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது எழுதுவதா, கணக்கா, அறிக்கையா, முடிப்பா என்று.

சிங்காநல்லூர் ஆடிட்டர் எழுதியது:

தம்பி வாலாங்குளம் சொன்னது பயனுள்ளதாக இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது; ஜூலை 1-ல் யூ.எஸ்.எய்டு என்ற அமைப்பே இயங்குவதை நிறுத்தி, எஞ்சியவை வெளியுறவுத் துறையின் கீழ் போயின. இந்த நிலையில் அமெரிக்க விதியை மையமாக வைத்த சான்றிதழுக்கு டாலரில் பணம் கட்டச் சொல்வது நியாயமா?

வாலாங்குளம் எழுதியது:

ஐயா, இது மறுக்க முடியாத கேள்வி. அமெரிக்க அரசுப் பணம் நேரடியாக வராத, இனியும் வரும் வாய்ப்பில்லாத ஓர் அறக்கட்டளையில் ஒருவர் சி.ஜி.எம்.எஸ். எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சகோதரிக்கு அமெரிக்காவிலிருந்து வருவது தனியாரின் நன்கொடை. அதற்கு அந்த விதித்தொகுப்பு பொருந்தாது. அவருக்கு எஃப்.எம்.டி. ப்ரோ முதலில், எழுத்துப் பணி கூடினால் பிறகு ஜி.பி.சி. என்பதுதான் என் பரிந்துரை. என்னுடைய சான்றிதழையே எல்லோருக்கும் நீட்டுவது சரியாகாது.

மருதமலை அடிவாரம் எழுதியது:

இதுவரை பெறுவதைப் பற்றியே பேசியிருக்கிறோம். சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சொல்லச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன்.

கோவையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டப் பிரிவில் இருக்கிறேன். மத்திய அரசு நிதியில் நடக்கும் பேராசிரியர்களின் திட்டங்களுக்கு யூ.சி. என்று நாம் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழை, அதாவது மானியம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று காட்டும் படிவத்தைத் தயாரிப்பது என் அன்றாட வேலை. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் அதற்கு 12-ஏ என்று படிவம் உண்டு. நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும். மானியத் தொகை வங்கியில் ஈட்டிய வட்டியை அரசின் தொகுநிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டுத் திட்டம் வந்தபோது சி.ஆர்.ஏ. தேர்வு எழுதித் தேறினேன். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க அந்த 5 ஆண்டுகளுக்குள் 80 மணிநேரத் தொடர்கல்வியைக் காட்ட வேண்டும்.

80 மணிநேரம் என்பது ஆண்டுக்கு 16. என்ன பெரிய கணக்கு என்று நினைத்தேன். உண்மையில் நான் கலந்துகொண்டது 80-க்கும் அதிகம். பயிலரங்குகளுக்குப் போனேன், இணையவழி வகுப்புகளில் உட்கார்ந்தேன், எங்கள் கல்லூரியிலேயே இளையவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். ஆனால் சான்றுகளைச் சேர்த்து வைக்கவில்லை. காலம் முடிய இரண்டு மாதங்கள் இருக்கும்போது உட்கார்ந்து தேடினால், கையில் சான்றோடு இருந்தது 51 மணிநேரம். சில வகுப்புகளுக்குப் பழைய அலுவலக மின்னஞ்சலுக்கு வந்திருந்த சான்றிதழ்கள், அந்த முகவரியை மாற்றியபோதே போய்விட்டன. ஒரு நிறுவனம் நடத்திய மூன்று நாள் பயிலரங்கின் வருகைப் பதிவேடு தங்களிடம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கெஞ்சியும் பயனில்லை. மிச்ச மணிநேரத்தை இரண்டு மாதங்களில் ஈட்ட முயன்றேன். மார்ச் மாதம், நிதியாண்டு முடிவு. ஒரு நாள்கூட மேசையை விட்டு எழ முடியவில்லை. சான்றிதழ் காலாவதியானது. மீண்டும் தேர்வு எழுதித்தான் பெற்றேன்.

அதைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. காலாவதியான நாளிலிருந்து என் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போடும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் பரிசீலனையில் இருந்த இரண்டு விண்ணப்பங்களில் அவை இருந்தன. முதல்வரிடம் சொல்லி, இரண்டு நிதி அமைப்புகளுக்கும் திருத்தக் கடிதம் அனுப்பினேன். யாரும் கேட்கப் போவதில்லை என்று சக ஊழியர்கள் சொன்னார்கள். பிறருடைய யூ.சி.யில் ஒரு ரூபாய் பிசகினால் திருப்பி அனுப்புகிறவள் நான். என் பெயருக்குப் பின்னால் இல்லாத ஒன்றை எழுதிக்கொண்டு எப்படி அந்த வேலையைச் செய்வது?

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, எத்தனை மணிநேரம், என்ன பொருள், சான்று எங்கே இருக்கிறது என்று நான்கு பத்திகள். வகுப்பு முடிந்த அன்று மாலையே சான்றிதழை ஸ்கேன் செய்து, அலுவலக மின்னஞ்சலிலும் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துவிடுகிறேன். சான்றிதழ் தராத வகுப்பென்றால், நிகழ்ச்சி நிரலில் ஒருங்கிணைப்பாளரின் கையொப்பத்தை அப்போதே வாங்கிக்கொள்கிறேன். பாடம் நடத்துவதையும் பல அமைப்புகள் மணிநேரமாக ஏற்கின்றன; அதற்கு அழைப்புக் கடிதமும் தலைப்பும் வேண்டும்.

சிங்காநல்லூர் ஆடிட்டர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் பட்டயக் கணக்காளர் கழகமும் 3 ஆண்டுகளுக்கு 120 மணிநேரம் கேட்கிறது. நானும் அதை ஒரு சடங்காக நினைத்து வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்த காலம் உண்டு. 2023-ல் அறக்கட்டளைகளின் தணிக்கை அறிக்கைப் படிவம் 10பி, 10பிபி என்று பிரிந்தபோது, சிறிய அறக்கட்டளைகளுக்கு எல்லாம் 10பிபி போதும் என்றே நினைத்திருந்தேன். அந்த ஆண்டில் ஒரு வகுப்பில்தான், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடை வாங்கியிருந்தால் 10பி-தான் என்று தெரிந்துகொண்டேன். அதற்குள் எங்கள் அலுவலகத்தில் மூன்று அறக்கட்டளைகளுக்குத் தவறான படிவத்தில் வேலை தொடங்கியிருந்தோம். அந்த வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால் அவர்களுடைய வரிவிலக்கே கேள்விக்குள்ளாகியிருக்கும். முதல் பதிவில் சான்றிதழ் வேண்டாம் என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மணிநேரம் கேட்கிற சான்றிதழாக இருந்தால் வாங்குங்கள். ஒருமுறை தேர்வு எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் வகையாக இருந்தால் என் பழைய கருத்தே நிற்கிறது.

தாளவாடி மேடு எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையின் நிலையையும் சொல்ல அனுமதியுங்கள். எங்களிடம் இருப்பது இரண்டே பேர். 2020 வரை ஒரு பெரிய அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையில் ஒரு பங்கை எங்களுக்கு அளித்து வந்தது. செப்டம்பர் திருத்தத்தோடு அது நின்றது. அப்படி ஒரு திருத்தம் வரப்போகிறது என்பதோ, வந்துவிட்டது என்பதோ எங்களுக்குத் தெரியாது. அடுத்த தவணை வராதபோதுதான் தெரிந்தது. நாங்கள் நடத்தும் விடுதியை விட்டு மூன்று பிள்ளைகள் போனார்கள்.

இப்போது ஒருவர் வந்து, தான் விண்ணப்பங்கள் எழுதித் தருவதாகவும், பணம் வந்தால் 12 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். முன்பணம் வேண்டாம் என்கிறார். சான்றிதழுக்குக் கட்டணம் கட்ட வழியில்லாத எங்களுக்கு இது ஏற்றதாகத் தோன்றுகிறது. செய்யலாமா, அண்ணா?

வாலாங்குளம் எழுதியது:

செய்யாதீர்கள், தம்பி. ஜி.பி.சி. பெற்றவர்கள் கட்டுப்பட வேண்டிய நெறிமுறையில், கிடைக்கும் தொகையில் சதவீதமாகக் கூலி வாங்கக் கூடாது என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிதி திரட்டுவோரின் சங்கங்களும் அதையே சொல்கின்றன. காரணம் எளிது: விடுதிப் பிள்ளைகளுக்கென்று வந்த பணத்தில் அந்த 12 சதவீதத்தை எந்தத் தலைப்பில் காட்டுவீர்கள்? உணவிலா, படுக்கையிலா? எந்தத் தலைப்பில் காட்டினாலும் அது பொய்க் கணக்கு. எழுதித் தருகிறவருக்கு, எத்தனை நாள் வேலை என்று பேசி, உங்கள் சொந்த நிதியிலிருந்து கூலி கொடுப்பதே முறை. உங்கள் முதல் விண்ணப்பத்தை நான் கூலி இல்லாமல் உடன் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். இங்கேயே தனிச்செய்தி அனுப்புங்கள்.

கட்டணம் இல்லாமல் படிக்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. பொது நிதி விதிகளில் மானியங்களைப் பற்றிய அத்தியாயம் 228ஆம் விதியில் தொடங்குகிறது. நிதி அமைச்சகத்தின் தளத்தில் அப்படியே கிடைக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் விதிகளும் அறிவிப்புகளும் உள்துறை அமைச்சகத்தின் அதற்கான தளத்தில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அந்த அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், தவணை நிற்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறையாகச் சொல்லவில்லை, அப்போது உங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

பெருந்துறை சாலை எழுதியது:

தாளவாடித் தம்பிக்கு ஒரு வார்த்தை. தொண்டு அமைப்புகளுக்கான நீதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவும், சி.எஸ்.ஆர். பணியை நடத்தித் தரும் அமைப்புகளுக்கான நிறுவன விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் முடித்துவிட்டீர்களா? 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 எண் இல்லாத அமைப்பு மூலம் எந்த நிறுவனமும் சி.எஸ்.ஆர். பணியை நடத்த முடியாது. இவை இல்லாமல் 12 சதவீதக்காரர் எழுதினாலும் விண்ணப்பம் எங்கள் மேசைக்கே வராது.

பவானிக்கூடல் எழுதியது:

இரண்டு வாரங்களாக இந்த இழையைத் தினமும் படித்து வருகிறேன். மருதமலை அக்காவின் பதிவைப் படித்த அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நான்கு பத்திகளுக்குக் கோடு கிழித்துவிட்டேன். பிறகு செயலாளரிடம் பேசினேன். சான்றிதழ் வேண்டும் என்று கேட்கவில்லை. ஆண்டுக்கு மூன்று நாட்கள், ஊதியத்துடன், விதி மாற்றங்களைப் படிக்கவும் வகுப்புகளுக்குப் போகவும் வேண்டும் என்று கேட்டேன். மூன்று நாட்களுக்கு ஒப்புக்கொண்டார்; தேர்வுக் கட்டணத்தில் பாதியை அறக்கட்டளையின் சொந்த நிதியிலிருந்து தருவதாகவும், எந்த மானியத்திலும் எழுதக் கூடாது என்றும் அவரே சொன்னார். மாலைப்பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் 20 சதவீதத்துக்குள் தவறாகப் போயிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டோம். எங்கள் ஆடிட்டர் திருத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எஃப்.எம்.டி. ப்ரோ தேர்வுக்குப் பதிவு செய்கிறேன். இந்த ஆண்டு கலந்துகொண்ட வகுப்புகளைத் தேடியதில் 14 மணிநேரத்திற்குச் சான்று கிடைத்தது. பிற்பாடு ஜி.பி.சி. எழுதித் தேறினால், இவற்றை அதன் முதல் புதுப்பித்தலுக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மருதமலை அடிவாரம் எழுதியது:

மகிழ்ச்சி, தங்கையே. முதல் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம் செய்துவிடுங்கள். புதுப்பித்தலுக்குக் கணக்கில் வருவது சான்றிதழ் கையில் இருக்கும் காலத்திற்குள் ஈட்டிய மணிநேரம்தான். அந்த 14 மணிநேரத்தை வீணென்று எறிய வேண்டாம். அவற்றைத் தனிப் பக்கத்தில் வைத்து, தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் தயாரிப்புக்குச் சான்றாகக் காட்டலாம். சான்றிதழில் அச்சாகும் தேதியைப் பார்த்த பிறகு, புதிய பக்கத்தில் முதல் வரியைத் தொடங்குங்கள்.